முப்பத்தொரு தாடிகள்

வெளிநாட்டில் ஹாபி கடை தேடுகிறவன் ஓட்டல் வரவேற்பில் கேட்கக்கூடாது. கேட்டால் குழந்தைகளுக்கான பொம்மைக் கடைக்கு வழி சொல்வார்கள். டாக்சிக்காரனிடம் கேட்டால் இன்னும் மோசம். கண்ணடித்துவிட்டு வேறு எங்கோ கொண்டுபோய் இறக்குவான். நான் பிரேசிலின் தெற்கே பெலோட்டாஸ் ஊர்க்காரன். இருபத்தாறு வருடமாக நெல் உலர்த்தும் எந்திரங்களுக்கு உதிரிபாகம் விற்றுக்கொண்டு உருகுவே, அர்ஜென்டினா, பராகுவே என்று எல்லை தாண்டித் தாண்டி அலைகிறேன். எல்லா ஊரிலும் ஒரே வழிதான். நகர நடுவில் ஒரு பழைய ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் இருக்கும். கீழ்த்தளத்தில் செல்போன் உறை விற்பார்கள். எஸ்கலேட்டர் ஓடாது. அதில் நடந்தே ஏறி, பூட்டுக்காரன், தபால்தலை விற்கிறவன், காது கேட்கும் கருவி விற்கிறவன் எல்லாரையும் தாண்டினால் டர்பன்டைன் வாசனை வரும். மிச்ச வழியை மூக்கே பார்த்துக்கொள்ளும்.

உள்ளே போனால் யாரும் பெயர் கேட்கமாட்டார்கள். "எந்தச் சண்டை?" என்றுதான் கேட்பார்கள். ரோமர்களா, கிரேக்கர்களா, விண்வெளிப் பூதங்களா என்று அர்த்தம். கட்டைவிரல் நுனி உயரமுள்ள ஈயச் சிப்பாய்களுக்குப் பூதக்கண்ணாடி வைத்துக் கண்ணும் பொத்தானும் வரைந்து, பொய்ப்புல் ஒட்டிய மேசையில் நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடுகிற கூட்டம் நாங்கள். தன் சிப்பாயின் கண்ணுக்கு எதிரி தெரிகிறானா என்று பார்க்க அறுபது வயதுக்காரனும் மண்டியிட்டு ஒரு கண்ணை மூடிக்கொள்வான். வெளியாள் பார்த்தால் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

"மத்தவளுங்க எல்லாம் புருஷன் சட்டையில லிப்ஸ்டிக் கறை தேடுறாளுங்க. எனக்கு வாய்ச்சது பெயின்ட் கறை" என்பாள் என் மனைவி இவோனேச்சி. அவள் அப்படிச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆகஸ்டில் பராகுவே தலைநகர் அசுன்சியோன் போனேன். வேலை காலையிலேயே முடிந்துவிட்டது. ஊர் மதியத் தூக்கத்தில் இருந்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காம்ப்ளெக்ஸ் தேடினேன். இரண்டாவது மாடியில், பூட்டுக்காரனுக்குப் பக்கத்தில், பெயர்ப்பலகை இல்லாத கடை. உள்ளே நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பெண்மணி ஐஸ் போட்ட தெரெரே என்கிற இலைச்சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்கும் வயது. பெயர் எடெல்மிரா. அந்த ஊரில் மரியாதைக்கு ந்யா சேர்த்து ந்யா எடெல்மிரா.

"எந்தச் சண்டை?"

நான் பெட்டியைத் திறந்தேன். எங்கள் மாநிலத்துக் குதிரைப்படை, இருபத்துநான்கு பேர், நூற்றைம்பது வருடத்துக்கு முன் பராகுவேயோடு நாங்கள் போட்ட போருக்கானது. அதை அசுன்சியோனுக்கே தூக்கிக்கொண்டு போகிறவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். சத்தியமாக எனக்கு அப்போது குதிரைகளின் நிறம் மட்டும்தான் மனதில் இருந்தது. பழுப்பில் ஏழு வகை கலந்திருந்தேன்.

அவர் பூதக்கண்ணாடியை இறக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "குதிரை நல்லா வந்திருக்கு தம்பி. ஆடுறீங்களா?"

"யாரோட ந்யா?"

"என்னோடதான். இங்க வேற யாரு இருக்கா?"

பின்னறையில் மேசை தயாராக இருந்தது. காய்ந்த புல்வெளி, ஓர் ஓரத்தில் காடு. அவர் கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். நாற்பது காலாட்கள். எல்லாருக்கும் தாடி. எல்லாரும் என் ஆட்களைவிடக் குட்டை. இந்தப் பொழுதுபோக்கில் ஊறினவன் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனத்தை அப்போது செய்தேன்.

"ந்யா, இவங்க அளவு தப்பா இருக்கே. வேற கம்பெனி அச்சா? என்னோடதுங்க பக்கத்துல நின்னா எடுபடாதே."

"அளவு சரியாத்தான் இருக்கு தம்பி. வயசுதான் கம்மி."

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அகோஸ்தா ந்யூ. ஆள் தீர்ந்துபோன நாடு பையன்களுக்கு ஒட்டுத்தாடி கட்டி எங்கள் படைக்கு முன்னால் நிறுத்திய இடம். எங்கள் பள்ளிப் புத்தகத்தில் அதற்கு அரை வரி. அவர்கள் அந்த நாளைத்தான் குழந்தைகள் தினமாக வைத்திருக்கிறார்கள். காம்ப்ளெக்ஸ் வாசலில் பலூன் கட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டே ஏறி வந்திருக்கிறேன், ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

"வேணாம் ந்யா. வேற ஏதாவது ஆடலாம்."

"வந்தவங்க இதைத்தான் ஆடணும். பசங்க காட்டுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டா எனக்கு ஜெயம். ஒரே ஒரு விதி. யாரு சாய்ச்சாங்களோ அவங்க கையோட எடுத்துட்டுப் போயிடணும். திருப்பித் தரக்கூடாது."

என் காதில் விழுந்தது எடுத்துட்டுப் போயிடணும் என்பது மட்டும். வெட்கத்தோடு சொல்கிறேன், ஆசை வந்துவிட்டது. அந்தக் கைவேலையை நான் எங்கும் பார்த்ததில்லை. பிரஷ் முடியை நறுக்கி ஒட்டிய தாடி. அதைக் காதில் மாட்டியிருக்கிற நூல்கூட வரையப்பட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா என்கிற நூல்.

"யாரு செஞ்சது?"

"என் வீட்டுக்காரரு வென்செஸ்லாவ். நாப்பது முடிச்சாரு. அதுக்கப்புறம் அவர் கைக்கு வேற மொகமே வரலை. அந்த ஏக்கத்துலயே போயிட்டாரு."

கைவேலைக்காரர்கள் கடைசியில் இப்படி ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

புதிதாகப் பெயின்ட் அடித்த படை முதல் ஆட்டத்திலேயே நாசமாகும் என்று எங்கள் கூட்டத்தில் சொல்வார்கள். அன்று என் படைக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. பகடை ஆறு ஆறாக விழுந்தது. அன்றைய போரில் எங்கள் படை செய்ததுபோலப் புல்லுக்குத் தீ வைக்கிற முறையும் என்னுடையது. புகைக்கு அடையாளமாக ந்யா எடெல்மிரா பஞ்சைப் பிய்த்து மேசையில் வைத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொருவனும் சாயும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்து அந்த ஊர் மொழியான குவாரனியில் ஏதோ முணுமுணுத்தார். முப்பத்தொரு பேர் விழுந்தார்கள். ஒன்பது பேர் காட்டுக்குள் போனார்கள்.

அவர் புகைப் பஞ்சையே திரும்ப எடுத்து விழுந்தவர்களைச் சுற்றி, சிப்பா ரொட்டி வைத்திருந்த அட்டைப்பெட்டியில் அடுக்கி என் கையில் கொடுத்தார்.

"இன்னும் ஒம்பது பேருதான்" என்றார், நெடுநாள் வேலையை முடிக்கப்போகிறவர் பேசுகிற குரலில்.

ஓட்டலில் பெட்டியைப் பிரித்து அவர்களைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொருவனின் அடித்தட்டிலும் பென்சிலால் எழுதியிருந்தது. பொனிஃபாசியோ, 12. எமெத்தேரியோ, 9. சிரியாக்கோ, 11.

பெலோட்டாஸில் சுவரே வியர்க்கும். அதனால் முதல் தாடி விழுந்தபோது ஈரத்தில் பசை விட்டுவிட்டது என்று நினைத்தேன். ஒட்டினேன். மறுவாரம் ஏழு தாடிகள் அலமாரிப் பலகையில் கிடந்தன. எதுவும் கலைந்து விழவில்லை. ஒவ்வொன்றும் அவனவன் காலடியில், கழற்றி வைத்தாற்போலக் கிடந்தது. மாதக் கடைசியில் முப்பத்தொன்றும் அப்படித்தான். தாடிக்குக் கீழே வென்செஸ்லாவ் முகவாயை வரைந்திருந்தார். ஒருவரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே, உதட்டோரத்து எச்சில் காய்ந்த தடம் வரைக்கும் வரைந்திருந்தார்.

"இதுங்களை அந்தப் பக்கம் திருப்பி வை டோர்வா. தூசி தட்டப் போனா என்னையே பாக்குதுங்க" என்றாள் இவோனேச்சி.

அது பரவாயில்லை. எனக்கு நேர்ந்தது வேறு. எங்கள் கிளப்புக்காக ஒரு கிரேக்கத் தளபதியை வரைந்துகொண்டிருந்தேன். நல்ல நரைத்தாடி, பிளந்த புருவம், ஐம்பது போரைப் பார்த்த முகம். பிரஷ்ஷைக் கழுவிவிட்டுப் பார்த்தால் ஒரு பையன் தாடியை மாட்டிக்கொண்டு நின்றான். அழித்து வரைந்தேன். மறுபடியும் பையன். முப்பது வருடமாக முகம் வரைகிறேன், ஊரில் என் முகங்களுக்குப் பெயர் உண்டு. எட்டு முறை அழித்தேன். எட்டு முறையும் அந்த முகவாய், அதன்மேல் ஒட்டவைத்த தாடி.

கிளப்பில் சிரித்தார்கள். "என்னடா டோர்வலினோ, படை நடத்துறியா பள்ளிக்கூடம் நடத்துறியா?"

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பிரஷ்களை டப்பாவில் போட்டு மூடினேன். வென்செஸ்லாவின் கைக்கு வந்தது என் கைக்கும் வந்துவிட்டது என்று அப்போது ஒப்புக்கொண்டேன். எனக்கு வேறு எதுவும் பெரிதாகத் தெரியாது. நெல் உலர்த்தும் எந்திரத்தை யாரும் விற்றுவிடலாம். முகம் வரைவது ஒன்றுதான் என்னுடையது.

குப்பையில் போட்டால் தீர்ந்தது என்று இவோனேச்சி சொன்னாள். பையில் போட்டுத் தெருமுனைத் தொட்டிவரை போனேன். எமெத்தேரியோ, ஒன்பது வயது என்பது ஞாபகம் வந்தது. திரும்பிவிட்டேன். அசுன்சியோனுக்குப் போன் அடித்தேன். எடுத்தது பக்கத்துப் பூட்டுக்கடைக்காரர்.

"ந்யா எடெல்மிரா கடையை மூடிட்டு அவங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்களே. கடைசி ஒம்பது பேரையும் யாரோ வெளியூர்க்காரர் சாய்ச்சாரு. அன்னிக்குத்தான் அந்தம்மா நிம்மதியாச் சிரிச்சு நான் பாத்தேன்."

"எனக்கு இவங்களைத் திருப்பிக் குடுக்கணும்."

"சாய்ச்சது நீங்கதானே? அப்ப உங்ககிட்டதான் இருக்கணும். இல்லன்னா இன்னொருத்தர் சாய்க்கணும்."

அந்த அம்மா எனக்குச் செய்ததை நான் வேறொருவனுக்குச் செய்வது என்று முடிவுகட்டினேன். எளிய வேலைதான். வெளியூரில் ஒரு கடை, ஆசை பிடித்த ஓர் ஆட்டக்காரன், தோற்கத் தயாராக நான்.

அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் கிடைத்தது. குழாய்ச் சாமான் கடைக்கு மேலே மாடி, நல்ல பெரிய மேசை. ஃபாப்ரிசியோ என்று ஒரு பல் டாக்டர், நாற்பது வயது, வாய் ஓயாத ஆள். அதே போரில் எங்கள் பக்கம் நின்ற அர்ஜென்டினக் காலாட்படை வைத்திருந்தார். விதியைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததே, அசுன்சியோனில் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"சாய்ச்சா எனக்கா? சும்மாவா? யோவ் பிரேசில் அண்ணே, உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இடம் பத்தலை வீட்டுல" என்றேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. தெரிந்தேதான் சொல்லவில்லை.

தாடி இல்லாமல் கொடுத்தால் சந்தேகம் வருமென்று முதல் நாளே ஒட்டிக் கொண்டுவந்திருந்தேன். பையன்களை வெட்டவெளியில் பரப்பி வைத்தேன், சுடுவதற்கு வசதியாக. முதல் முறையிலேயே ஐந்து பேர் போனார்கள். ஃபாப்ரிசியோ ஒவ்வொருவனையும் தன் தட்டில் படுக்கவைத்துக்கொண்டே பேசினார். ஒன்பது வயது எமெத்தேரியோ மூன்றாவதாக விழுந்தான். அப்போது என் கை, யாரையும் கேட்காமல், மற்றவர்களைக் காட்டுப்பக்கம் நகர்த்தத் தொடங்கியது.

"என்ன அண்ணே ஓடுறீங்க? நின்னு அடிங்க!"

"என் முறை. நான் எப்படி வேணா ஆடுவேன்."

"கோவத்தைப் பாரு! ஆடுங்க, ஆடுங்க."

தோற்க வந்தவன் வியர்க்க வியர்க்க ஆடினேன். அன்று பகடைக்கு என்மேல் இரக்கமே இல்லை. கடைசியில் சிரியாக்கோ மட்டும் நின்றான். ஒரு முறைக்கு ஆறு அங்குலம் ஓடலாம். காடு ஏழு அங்குலத்தில் இருந்தது. ஃபாப்ரிசியோ மாத்தே டீக்கு வெந்நீர் பிடிக்க உள்ளே போனார். எங்கள் மேசையில் பொய் சொல்லலாம், பெருமை பீற்றலாம், அழலாம். அளவில் மட்டும் கைவைக்கக்கூடாது. வைத்தவனோடு அப்புறம் யாரும் ஆடமாட்டார்கள். நான் விரலை நீட்டி அவனை ஓர் அங்குலம் தள்ளினேன்.

ஃபாப்ரிசியோ வந்து டேப்பை வைத்துப் பார்த்தார். "அட, உள்ள போயிட்டானே! பொழைச்சுக்கிட்டான் பொடியன்."

முப்பது பேர் ரொசாரியோவில் தங்கினார்கள். சிரியாக்கோ என் சட்டைப்பையில் ஊருக்கு வந்தான். எல்லையில் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரிக்குச் சட்டைப்பையைக் காட்டவில்லை. வழியெல்லாம் ஒருவனையாவது காப்பாற்றினேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

முகம் மட்டும் வரவில்லை. கிரேக்கத் தளபதியை மறுபடி முயன்றேன், மறுபடி பையன்தான். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் ஃபாப்ரிசியோ போன் அடித்தார். வழக்கமான துள்ளல் இல்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக்கூடாது. தாடியெல்லாம் விழுந்துடுச்சு."

"பசை..."

"பசையை விடுங்க. நான் பல்லு டாக்டரு. முப்பது தாடையையும் கண்ணாடி வெச்சுப் பாத்துட்டேன். கடவாய்ப்பல்லு முழுசா முளைக்காத தாடை அண்ணே அது. அதை விடுங்க, அது வரைஞ்ச ஆளோட திறமை. ஆனா இவனுங்க ஏன் கெழக்க பாத்து நிக்கிறானுங்க?"

"நீங்க அப்படி வெச்சிருப்பீங்க."

"மேற்க திருப்பி வெச்சுட்டுப் பூட்டிட்டுப் போறேன். சாவி என்கிட்ட. திறந்தா முப்பது பேரும் கெழக்க. ஒரு மாசமா. கெழக்க என்ன அண்ணே இருக்கு?"

நான் அலமாரியைப் பார்த்தேன். சிரியாக்கோ மேற்குச் சுவரைப் பார்த்து நின்றான். அங்கே ஈரம் பூத்த சுண்ணாம்பைத் தவிர ஒன்றுமில்லை. நான் அவனை வாசலைப் பார்த்து வைத்திருந்தேன்.

விஷயத்தைக் கேட்டதும் இவோனேச்சி திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அவனைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"காப்பாத்திட்டேன், காப்பாத்திட்டேன்னியே டோர்வா. தனியா பிரிச்சுக் கொண்டாந்திருக்க" என்றாள்.

அந்த வார்த்தை என்னை அடித்தது. மறுவாரம் வேலை ஒன்றும் இல்லாமலே ரொசாரியோ போனேன். மாடியில் ஃபாப்ரிசியோ மேசையைச் சுத்தமாகத் துடைத்து முப்பது பேரையும் வரிசையாக நிறுத்தியிருந்தார். மெலிந்திருந்தார். அசுன்சியோன் விதி முழுவதையும், நான் மறைத்ததையும் சொன்னேன். திட்டினார். நன்றாகத் திட்டினார், வாங்கிக்கொண்டேன்.

"இப்ப என்ன வழி?" என்றார் கடைசியில். "நீங்க முப்பது பேரைச் சாய்ச்சு எடுத்துட்டுப் போங்க. இல்லன்னா அவனை நான் சாய்க்கணும்."

பகடைகள் நடுவில் கிடந்தன. இருவரும் தொடவில்லை. முப்பது பேரை இரண்டாவது தடவை சாய்க்க என்னால் ஆகாது. இந்த ஒருவனை நோக்கிப் பகடை உருளுவதைப் பார்க்கவும் ஆகாது.

"ஆடவேண்டியதில்லை" என்றேன். "அன்னிக்கே ஆட்டம் முடிஞ்சுடுச்சு. அவன் காட்டுக்குப் போய்ச் சேரலை. நீங்க வெந்நீருக்குப் போனப்ப நான்தான் தள்ளினேன். ஓர் அங்குலம்."

ஃபாப்ரிசியோ என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நேரம் திட்டியபோது இல்லாத ஒன்று அவர் கண்ணில் வந்தது.

"இனிமே உங்களோட நான் ஆடமாட்டேன் அண்ணே. இந்த ஊர்ல யாரும் ஆடமாட்டாங்க."

"தெரியும்."

"அப்ப அவன் விழுந்தவன்தான்."

"ஆமா."

நானே அவனைப் பையிலிருந்து எடுத்தேன். நானே படுக்கவைத்தேன். இரண்டு விரலால் தொட்டால் சாய்கிற எடைதான், அதற்கு எனக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. ஃபாப்ரிசியோ அவனை எடுத்து மற்றவர்களோடு நிறுத்தப் போனார். முன்வரிசையில், பொனிஃபாசியோவுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் அளவுக்கு இடம் இருந்தது.

"இடம் விட்டு வெச்சிருந்தீங்களா?"

"நான் எங்க விட்டேன்?" என்றார். அவர் குரல் தணிந்திருந்தது. அவனை அந்த இடத்தில் நிறுத்தினார். வரிசை நெருக்கமாகச் சேர்ந்துகொண்டது.

"இவங்களை வேற யாருக்காவது தள்ளிவிட்டுடலாம்" என்றேன்.

"வேணாம். எங்க ஆளுங்களும்தான் அன்னிக்கு அங்க இருந்தாங்க. இருக்கட்டும். நீங்க கெளம்புங்க."

கைகொடுக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஊருக்கு வந்த மறுநாள் காலை, நல்ல வெளிச்சத்தில், கிரேக்கத் தளபதியை எடுத்தேன். பிளந்த புருவம் முதலில் வந்தது. கண்ணுக்குக் கீழே பை வந்தது. தாடியைத் தொடும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கன்னத்திலிருந்து முளைத்த தாடி, வாயோரம் நரைத்து, கழுத்தில் சீவாமல் இறங்கியது. ஐம்பது வயதுக்காரன் பூதக்கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.

"வந்துடுச்சா?" என்று இவோனேச்சி ஓடிவந்தாள். பார்த்ததும் கைதட்டினாள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஐம்பது வயதில் சிரியாக்கோவுக்குத் தாடி எப்படி இருந்திருக்கும் என்று வரைந்து பார்க்க நினைத்தேன். நரைத்திருக்குமா, சுருண்டிருக்குமா, கன்னத்தில் எதுவரை ஏறியிருக்கும் என்று யோசித்தேன். முப்பது வருடம் முகம் வரைந்தவனுக்கு அந்த ஒரு முகம் தெரியவில்லை. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.